பாதியில் நின்ற கிராப்பு

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது நம் கூட்டத்துப் பேச்சில் முதலில் வருவது முட்டி வலி, அடுத்தது சர்க்கரை, மூன்றாவது முடி. போன வாரம் நம்மில் ஒருவர், சலூன்காரன் தன்னை நாற்காலியில் உட்காரவைத்த வேகத்திலேயே எழுப்பிவிடுகிறான், வெட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவனே கேட்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அப்போது ஒரு பையனின் தலை ஞாபகத்துக்கு வந்தது. இடது பக்கம் தோல் தெரிய வெட்டி, வலது பக்கம் காது மறைய முடி தொங்கும் தலை. அது ஒரு மழைக்காலம் பூராவும் எங்கள் லயத்தில் நடமாடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று சொல்ல நேரமில்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன். ரப்பர் விலை விழுந்து கூலி குறைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கிற நம் வயதுக்காரர்களுக்கு மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் இருந்தது மலாயாவில், ஜொகூர்ப் பக்கம் பாலோ என்ற ஊரில், ரயில்வே லயத்தில். அப்பா மண்டோர். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கூலியாட்களுக்குத் தலைவர். காலையில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அதை இரும்பால் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு லயமே எழுந்துவிடும். வேலைக்குப் போகும்போது பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டி அக்குளில் இருக்கும். அந்தக் கொடிகளில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. அம்மா எவ்வளவு துவைத்தாலும் போகாது.

லயம் என்றால் கூலியாட்களுக்கு ரயில்வே கட்டிக்கொடுத்த ஒட்டு வீடுகள், இரண்டு வரிசை. மேட்டில் இருந்தது மேல் லயம், பள்ளத்தில் இருந்தது கீழ் லயம். மழை பெய்தால் எங்கள் வாசல் தண்ணீர் அவர்கள் வாசலுக்குப் போகும். இரண்டு வரிசையிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் வேதக்காரர்கள், ஒரே சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஆனாலும் கப்பலில் வரும்போது சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதானே வந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் கோயிலில் மேல் லயம் முன்னால் முழந்தாளிடும், கீழ் லயம் பின்னால். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தரை இருக்கும். அதை யாரும் போட்டுவைக்கவில்லை, யாரும் தாண்டவும் இல்லை.

பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு நாவிதர் மாதத்துக்கு இரண்டு தரம் வந்து மேல் லயத்து ஆண்களுக்கு முடி வெட்டிவிட்டுப் போவார். கீழ் லயத்துக்கு இறங்க மாட்டார். அவர்கள் பாலோ கடைத்தெருவில் சீனன் கடைக்குப் போவார்கள். கூலி குறைந்த பிறகு அதுவும் நின்றது. பிள்ளைகள் தலை சடை விழுந்து, பேன் கடித்துப் புண்ணாகிக் கிடந்தது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். அண்ணன் பினாங்கில் குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். முதல் தடவை விடுமுறைக்குக் கறுப்பு அங்கி போட்டு ரயிலை விட்டு இறங்கிய அன்றே அம்மா என் தொடையில் கிள்ளி, 'அவர்' என்று சொல்லவைத்தாள். அண்ணன் பிறகு குருப்பட்டம் வாங்கி, வடக்கே இரண்டு மூன்று பங்குக் கோயில்களில் இருந்து, முதுமையில் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். இருந்தாலும் எனக்கு இன்னும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.

அப்பாவுக்கும் இதில் ஒரு முறை இருந்தது. அண்ணன் அங்கியில் இருந்தால் "சாப்பிடுங்க", "உட்காருங்க". குளிக்கப் போகும்போது கைலியில் இருந்தால் "டேய், வாளி எங்கடா". ஒரே மனிதரிடம் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு விதமாகவும் பேசுவார், தடுமாறியதே இல்லை.

குருமடத்து ஒழுங்கை அண்ணன் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அங்கே சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாதாம், ஒருவர் எழுந்து நின்று அர்ச்சியசிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், சரித்திரம் வாசிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. வேதசாட்சி ஒருவரை நான் எழுத்துக்கூட்டிச் சிங்கத்துக்குப் போடுவதற்குள் குழம்பு ஆறிவிடும். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, உப்பு இல்லையென்றாலும் சொல்ல முடியாதே. அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, அதே காரணத்துக்காக.

தனியாக உலாவப் போகக் கூடாது, துணை வேண்டும் என்று இன்னொரு விதி. துணைக்கு லயத்தில் வேறு குருமாணவர் யார் இருக்கிறார்கள்? என்னைக் கூட்டிப்போகலாமா, பெண்பிள்ளை ஆயிற்றே என்று அண்ணன் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொம்பளையோட போகக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க. இது இன்னும் பொம்பளை ஆகலையே. கூட்டிட்டுப் போங்க."

அண்ணன் கொஞ்சம் யோசித்து, அது சரிதான் என்றார். நாங்கள் தண்டவாளத்து ஓரமாக நடப்போம். அவர் கைகளை அங்கிக் கைக்குள் கோத்துக்கொண்டு நடப்பார், நானும் பாவாடையில் கையைச் சுற்றிக்கொண்டு நடப்பேன். குருமடத்துக் கதைகள் எல்லாம் அப்போது கேட்டவைதான். அங்கே சீனர், அன்னமியர் என்ற வியட்நாம்காரர், சயாமியர், பர்மாக்காரர் எல்லாம் ஒன்றாகப் படித்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாததால் லத்தீனிலேயே பேசிக்கொள்வார்களாம். பந்து விளையாடும்போது அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இங்கே உதை" என்று கத்துவதுகூட லத்தீனில்தான். அண்ணனுக்குப் பந்து என்றால் உயிர். கடவுளைப் பற்றிப் பேசும்போது குரல் தணியும், பந்தைப் பற்றிப் பேசும்போது கை வெளியே வந்துவிடும்.

அவருக்குப் பிடித்த இன்னொரு விஷயம் தகரப் பெட்டியின் அடியில், பழைய சட்டையில் சுற்றி இருந்தது. முடி வெட்டும் மிஷின். நிக்கல் பூசியது. இரண்டு கைப்பிடியையும் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் பல்வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஓடி, பூச்சி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். குருமடத்தில் நாவிதர் கிடையாது. மாணவர்களே ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். படிப்பு முடித்துப் போன ஓர் அன்னமிய மாணவர் அண்ணனுக்குப் பழக்கிவிட்டு, மிஷினையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தன் வகுப்புத் தலைகள் அத்தனையும் தன் கையில்தான் என்று அண்ணன் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை, லத்தீன் பரீட்சையைச் சொன்னபோது இல்லை.

மாலையில் அண்ணன் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். கீழ் லயத்துப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து, திரித்துவத்துக்கு நடுவிலும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, நாளைக்கு டிராலிக் கொட்டகைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் கொட்டகையில் ஒரு சிலீப்பர் கட்டையைப் போட்டு, பையன்களை வரிசையாக உட்காரவைத்தார். அங்கி மேல் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. வேப்பெண்ணெய் ஒரு சிரட்டையில். மிஷின் ஏற ஏற முடி கத்தை கத்தையாக விழுந்தது. வெட்டி முடித்த பையன்கள் தலையைத் தடவிக்கொண்டே மழையில் ஓடினார்கள். நான் தென்னை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

கடைசியாக உட்கார்ந்தவன் அப்பாவின் கீழ் வேலை செய்த ஒரு கூலிக்காரரின் மகன். என்னைவிட இரண்டு வயது பெரியவன் இருப்பான். மதியச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு தினமும் லைனுக்குப் போகிறவன். அவன் இடது பக்கம் முடிந்து, மிஷின் உச்சிக்கு ஏறியபோது, மழை வலுத்து வேலை நின்று, அப்பா டிராலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் பார்த்ததை அவர் கண்ணாலேயே பார்க்க இப்போது என்னால் முடிகிறது. நாளைக்குப் பூசை வைத்து, தன் நாவிலேயே நன்மை அப்பம் வைக்கப் போகிற கை. அந்தக் கை கீழ் லயத்துத் தலையில் இருக்கிறது. அதில் நாவிதன் மிஷின்.

அப்பா கத்தவில்லை. கையை நீட்டினார். அண்ணன் மிஷினைக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போயி அங்கியைக் கழட்டி வச்சிட்டு வாங்க. உங்ககிட்ட பேசணும்."

அண்ணன் போய், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டி, கைலியோடு வந்து நின்றார். அதன் பிறகுதான் அப்பா தொடங்கினார்.

"ஏண்டா, உன்னை எதுக்குடா அங்க அனுப்பினேன்?"

"சாமியாராக, அப்பா."

"சாமியாராப் போனவன் கையில இது என்னடா?"

"அங்க ஆளுக்கொரு வேலை குடுப்பாங்க, அப்பா. ஒருத்தர் விளக்குத் துடைக்கணும். ஒருத்தர் கக்கூஸ் கழுவணும். எனக்கு முடி வெட்டற வேலை."

"கக்கூஸா?"

விளக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணனுக்குப் பொய்யும் வராது, பாதி உண்மையும் வராது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் மகனை யாரோ ஏமாற்றிச் சின்ன வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இனி பினாங்கு வேண்டாம், ஸ்டேஷனில் கிளார்க் வேலைக்குச் சொல்கிறேன் என்றார்.  அண்ணன் உதடு வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

கொட்டகையில் அந்தப் பையன் இன்னும் கட்டையில் உட்கார்ந்திருந்தானாம். இருட்டும் நேரத்தில் அவன் அம்மா வந்து கூட்டிப்போனாள்.

யாராவது ஒரு கத்தரியை எடுத்து மிச்சத்தை வெட்டியிருக்கலாம். அவன் அம்மா விடவில்லை. "சாமி தொட்ட தலை. தொட்ட கையே முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். அவன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடிய காலம் இல்லை அது. ஆட்களைக் கழித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள், மண்டோர் யாரைக் காட்டுகிறாரோ அவர் போக வேண்டும். அதனால் பையனின் அப்பா செய்ததெல்லாம், வழக்கம்போல் மகனிடம் சோற்றுத் தூக்கு கொண்டுவரச் சொன்னதுதான். ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பாதித் தலை தண்டவாளத்தின் மேல் தூரத்திலிருந்து நடந்து வரும். எங்கள் அப்பா சாப்பிட எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார் என்று கூலிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பாலன் யேசு பிறந்த பெருநாளுக்கு முந்தின நாள் பங்குச் சாமியார் வந்தார். பிரான்சுக்காரர், தாடி மார்பு வரைக்கும் இருக்கும். நல்ல தமிழ் பேசுவார், ஆனால் புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். அப்பாதான் டிராலியில் போய் அழைத்துவந்தார். காப்பி கொடுத்த கையோடு வழக்கை வைத்தார். "சாமி, எம்புள்ளைய அம்பட்டனாக்கி அனுப்பியிருக்காங்க, சாமி" என்று மிஷினை எடுத்து மேசையில் வைத்தார்.

சாமியார் அதை எடுத்து இரண்டு மூன்று தரம் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல பொருள், மண்டோரே. நான் படித்த காலத்தில் நானும் வெட்டினேன். எனக்கு நன்றாக வரவில்லை. ஒருவர் காதில் இரத்தம் வந்துவிட்டது." தொப்பியைக் கழற்றினார். "நாளைக்குப் பெருநாள். என் தலையைப் பாரும். உம்முடைய மகனைக் கூப்பிடும்."

அண்ணன் அங்கியோடு வந்து, எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாமியாரின் தலையை வெட்டினார். அப்பா கைகட்டி நின்றார். வெள்ளையும் பழுப்புமாக முடி விழுந்தது. அம்மா அதைத் தரையில் விடாமல் ஒரு வாழையிலையில் பொறுக்கிவைத்தாள். மேல் லயமே சன்னலில் நின்று பார்த்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்பாவின் மூளை அப்படி வேலை செய்யவில்லை. சாமியார் போனதும் மிஷினைத் துடைத்து, மாதா படத்துக்குப் பக்கத்தில், பீடத்தட்டில் வைத்து, முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார். அபிஷேகம் பண்ணின தலையைத் தொட்ட பொருளாம். இனி வேறு யார் தலையிலும் படக் கூடாதாம். ஜப்பான்காரன் சண்டைக்காலத்தில் நாங்கள் லயத்தை விட்டு ஓடும்வரை அது அங்கேதான் இருந்தது. துரு பிடித்து, கைப்பிடி அசையாமல், ஆனால் மாலை போட்டு. திரும்பி வந்தபோது மாதா படம் இருந்தது, மிஷின் இல்லை.

பினாங்குக்குத் திரும்பிப் போகலாம் என்று அப்பா சொன்னார். ஒரு நிபந்தனையோடு. அங்கே மேலே இருக்கிறவர்கள் சொல்வதைச் செய்துகொள்ளுங்கள், ஆனால் "இந்த லயத்துல இனி யார் தலையிலயும் கை வைக்க மாட்டேன்னு வாக்குக் குடுங்க." அண்ணன் கொடுத்தார். படிப்பா, அந்தத் தலையா என்று வந்தபோது அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பெருநாள் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. பின்வரிசையில் புதுக் கிராப்புத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பையன் மட்டும் இல்லை. அரைத் தலையோடு பாலன் முன்னால் நிற்கக் கூடாது என்று அவன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பூசைக்கு உதவி செய்துகொண்டிருந்த அண்ணன் மணியடிக்க வேண்டிய இடத்தில் அடிக்க மறந்தார். சாமியார் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்றும் அண்ணனும் நானும் உலாவப் போனோம். வெகுதூரம் போன பிறகு, "செபம் சொல்ல உட்கார்ந்தா அந்தப் பாதித் தலைதாம்மா கண்ணுல வருது. பெருநாள் பூசையைக் கெடுத்துட்டேன் அவனுக்கு" என்றார்.  நீங்கள் வெட்டிவிட வேண்டியதுதானே என்றேன். வாக்கு என்றார். அவர் அழுதாரா என்று நீங்கள் கேட்டால், நான் தண்டவாளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. இவர் போய்விடுவார், அவன் தலை அப்படியே இருக்கும் என்று தோன்றியது.

அந்த வருஷம் மழை பெரிய மழை. ஸ்டேஷனுக்கு வடக்கே தண்டவாளத்தைத் தாங்கிய மேடு ஓரிடத்தில் கரைந்து, கூலிக்காரர்கள் கூடை கூடையாக மண் கொட்டினார்கள். ஒவ்வொரு வண்டியும் ஸ்டேஷனில் நிற்க வேண்டும், மண்டோர் மேட்டில் நடந்து பார்த்துப் பச்சைக் கொடி காட்டினால்தான் நகர வேண்டும் என்று வெள்ளைக்கார எஞ்சினியர் உத்தரவு. மழை விட்டு வெயில் வந்த பிறகும் உத்தரவு அப்படியே இருந்தது.

அண்ணன் கிளம்பிய நாளும் நல்ல வெயில். நாங்கள் தகரப் பெட்டியோடும் முறுக்கு டின்னோடும் பிளாட்பாரத்தில் நின்றோம். அப்பா வேலையில் இருந்தார், பிளாட்பாரத்தின் வடக்கு முனையில் கொடிகளோடு. கம்பி வேலிக்கு வெளியே கீழ் லயத்துக்காரர்கள் சிலர் வழியனுப்ப வந்து நின்றார்கள். அந்தப் பையனும் அவன் அம்மாவோடு நின்றான். இடது பக்கம் முள்ளுமுள்ளாகக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

வண்டி வந்து நின்றது. எஞ்சின் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியது. அம்மா வேலியைப் பார்த்து, "ஏ தம்பி, இங்க வா" என்றாள். பையன் கம்பிக்குள் நுழைந்து வந்தான். அவன் தோளைப் பிடித்துப் பெட்டி மேல் உட்காரவைத்தாள். பிறகு மடியிலிருந்து தன் தையல் கத்தரியை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

அம்மா அதுவரைக்கும் இந்த விஷயத்தில் ஒரு பக்கமும் பேசியதில்லை. அப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருந்தாள். அண்ணன் கத்தரியையும் அவளையும் பார்த்தார்.

"அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், அம்மா."

"லயத்துலன்னுதானே குடுத்தீங்க. இது பிளாட்பாரம்."

அண்ணன் யோசித்தார். அந்த அவசரத்திலும் அவர் யோசித்ததை நான் மறக்கவில்லை. பிறகு அங்கிக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார்.

துணி வெட்டுகிற கத்தரி. முடியை இழுத்தது. பையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அவன் கழுத்தை அசைக்கவில்லை. சன்னல்களில் தலைகள் வெளியே வந்தன. யாரோ மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எஞ்சின் தண்ணீர் குடித்து முடித்தது. கார்டு விசில் ஊதினார். உச்சி வரைக்கும்தான் முடிந்திருந்தது, காதோரம் அப்படியே தொங்கியது. அண்ணன் கத்தரியை நிறுத்தி நிமிர்ந்தார்.

எல்லோரும் வடக்கே பார்த்தோம். அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாகப் பார்த்தார் என்று தெரியாது. அவர் கையில் விரிந்திருந்தது சிவப்புக் கொடி.

யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அறையை விட்டு வெளியே வந்தார். "என்ன மண்டோர், லைன் சரியில்லையோ?"

"மண்ணு எறங்குது, ஐயா. இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்."

அப்பா முதுகைக் காட்டித் திரும்பி, மேட்டின் மேல் நடந்தார். குனிந்து பார்த்தார். குதிகாலால் மிதித்தார். அந்தக் கடைசி வரைக்கும் போய், மெதுவாகத் திரும்பி வந்தார். டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார். அப்பா மறுபடியும் ஓரிடத்தில் குந்தி, ஒரு ஜல்லியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காதோரத்துக் கடைசிக் கத்தையும் விழுந்ததும் பையன் எழுந்து நின்று தலையைத் தடவினான். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் தடவினான். வேலிக்கு வெளியே அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கத்தரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அங்கியெல்லாம் முடியோடு வண்டியில் ஏறினார். அப்போதுதான் அப்பா எழுந்தார். சிவப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பச்சையை விரித்தார்.

அண்ணன் ஏறிய ரயில் பெட்டி தன்னைத் தாண்டும்போது அப்பா நிமிர்ந்து நின்றார். அண்ணன் சன்னலில் ஏதோ சொன்னார். எஞ்சின் இரைச்சலில் எங்களுக்குக் கேட்கவில்லை.

மாலையில் அப்பா வந்து உட்கார்ந்ததும் அம்மா காப்பி ஆற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "மண்ணு இன்னும் எறங்குதா?" என்று கேட்டாள்.

"இப்பப் பரவாயில்ல" என்றார் அப்பா.

மறுநாள் நான் அந்த மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. மேலே புல் முளைத்திருந்தது.